கிளஸ்டரில் பாதுகாப்பான கன்டெய்னர் இமேஜ்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குபெர்னெட்டிஸ் கிளஸ்டரில் செயலிகளை ஏற்றி இறக்கும் வேலையில் இருப்பவர்களுக்கான பக்கம் இது. டாக்கர்ஃபைல் எழுதத் தெரியும், டிப்ளாய்மென்ட் யாம்ல் கண்டு பழக்கம் உண்டு என்ற அளவு போதும். எந்தக் கேள்வியிலிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். டேக், டைஜஸ்ட் பற்றிய கேள்வியை மட்டும் தாண்டிவிட வேண்டாம். மற்றவை பெரும்பாலும் அதன் மேல்தான் நிற்கின்றன.

பாதுகாப்பான இமேஜ் என்று எதைச் சொல்கிறோம்?

மூன்று கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்ல முடிந்தால் அது பாதுகாப்பான இமேஜ். உள்ளே என்னென்ன இருக்கிறது? எந்த மூல நிரலிலிருந்து, எந்த பில்ட் அமைப்பு அதைக் கட்டியது? சோதித்துப் பார்த்த அதே இமேஜ்தான் இப்போது நோடில் ஓடுகிறதா?

ஓட்டையே இல்லாத இமேஜ் என்று ஒன்று கிடையாது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் லாக்4ஷெல் ஓட்டை (சிவிஇ-2021-44228; சிவிஇ என்பது ஓட்டைகளுக்குத் தரும் பொது அடையாள எண்) வெளியானபோது, அதற்கு முந்தைய நாள்வரை ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனரில் பச்சை காட்டிய ஜாவா இமேஜ்கள் ஒரே இரவில் சிவப்பாயின. இமேஜ்களில் ஒரு பைட்கூட மாறவில்லை. தங்களுடைய எந்த இமேஜில் லாக்4ஜே இருக்கிறது, அது எந்த நேம்ஸ்பேஸில் ஓடுகிறது என்று உடனே சொல்ல முடிந்தவர்கள் அன்றே வேலையை ஆரம்பித்தார்கள். சொல்ல முடியாதவர்கள் தேடுவதிலேயே நாட்களைக் கழித்தார்கள். பாதுகாப்பு என்று இந்தப் பக்கத்தில் சொல்வது அந்த முதல் நிலையைத்தான்.

முதலில் ஸ்கேனரை நிறுவலாமா?

பெரும்பாலோர் அங்கேதான் தொடங்குகிறார்கள். நிறுவுவது சுலபம், உடனே ஒரு பட்டியல் கிடைக்கும், கூட்டத்தில் காட்டலாம். என் கருத்தில் அது மூன்றாவது வேலை. முதல் வேலை, எல்லா இமேஜையும் டைஜஸ்ட் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட, கைரேகை போன்ற மதிப்பு) வைத்து ஓட்டுவது. இரண்டாவது, உங்கள் ரெஜிஸ்ட்ரி (இமேஜ்களைச் சேமித்து வைக்கும் சேவை) அல்லாத இடத்திலிருந்து வரும் இமேஜ்களைக் கிளஸ்டர் வாசலிலேயே நிறுத்துவது. இந்த இரண்டும் இல்லாமல் ஸ்கேன் செய்தால், நீங்கள் ஸ்கேன் செய்த இமேஜ் ஒன்றாகவும் ஓடுகிற இமேஜ் வேறாகவும் இருக்கலாம். அறிக்கையை வைத்துக்கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

டேக் இருக்கும்போது டைஜஸ்ட் எதற்கு?

டேக் என்பது பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு. யார் வேண்டுமானாலும் உரித்து வேறு பெட்டியில் ஒட்டலாம். ரெஜிஸ்ட்ரியில் எழுதும் உரிமை உள்ள எவரும் "1.4.2" என்ற டேக்கை நேற்று ஓர் இமேஜுக்கும் இன்று வேறோர் இமேஜுக்கும் சுட்டிவிடலாம். தப்பான எண்ணமே தேவையில்லை. பில்ட் பைப்லைன் ஒருமுறை மறுபடி ஓடினாலே அது நடந்துவிடும்.

டைஜஸ்ட் அப்படியல்ல. இமேஜின் மேனிஃபெஸ்டை (உள்ளடக்கப் பட்டியலை) ஷா-256 முறையில் கணக்கிட்டு வரும் 64 எழுத்து மதிப்பு அது. மேனிஃபெஸ்ட் ஒவ்வொரு லேயரையும் அதன் சொந்த டைஜஸ்டால் சுட்டுகிறது. ஆகவே ஏதோ ஒரு லேயரில் ஒரு பைட் மாறினாலும் மேலே உள்ள டைஜஸ்ட் மாறிவிடும். யாம்லில் இமேஜ் பெயருக்குப் பின் டைஜஸ்டைக் கொடுத்துவிட்டால், நோடில் இமேஜை இறக்கும் கன்டெய்னர்டி சரியாக அதைத்தான் இறக்கும். பொருந்தாவிட்டால் இறக்காது.

சீட்டை மாற்றி ஒட்டும் தாக்குதல் வெறும் கற்பனை என்று நினைப்பவர்கள் 2025 மார்ச்சில், பில்ட் வேலைகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் உலகில் நடந்ததைப் பார்க்கலாம். டிஜே-ஆக்‌ஷன்ஸ் என்ற பெயரில் வந்த, பரவலாகப் பயன்பட்ட ஓர் ஆக்‌ஷனின் பழைய பதிப்பு டேக்குகள் எல்லாம் தீங்கான ஒரே கமிட்டுக்குத் திருப்பிவிடப்பட்டன (சிவிஇ-2025-30066). டேக்கை நம்பியவர்களின் பில்ட் லாகில் ரகசியங்கள் கொட்டின. பாதிப்பில்லாத பழைய கமிட் ஹாஷைப் பிடித்து வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். அது கன்டெய்னர் இமேஜ் அல்லதான். ஆனால் டேக்குகளுக்கு உள்ள பலவீனம் இரண்டு இடத்திலும் ஒன்றே.

லேட்டஸ்ட் டேக்கைப் போட்டால் பாதுகாப்பு மட்டும்தான் பாதிக்குமா?

அன்றாட வேலையும் பாதிக்கும். ஒரு ரிலீஸ் சொதப்பிவிட்டது, குப்சிடிஎல் ரோல்அவுட் அண்டூ கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குபெர்னெட்டிஸ் பழைய பாட் டெம்ப்ளேட்டுக்குத் திரும்பும். அந்தப் பழைய டெம்ப்ளேட்டிலும் லேட்டஸ்ட் என்றே எழுதியிருந்தால் எதற்குத் திரும்புவது? அதே சொதப்பிய இமேஜ்தான் மறுபடி வரும்.

இன்னொன்று. இமேஜ் புல் பாலிசியை நீங்கள் குறிப்பிடாவிட்டால், லேட்டஸ்ட் டேக்குக்கும் டேக்கே இல்லாத இமேஜுக்கும் 'ஆல்வேஸ்' (எப்போதும் ரெஜிஸ்ட்ரியைக் கேள்) என்பது இயல்பு. மற்ற டேக்குகளுக்கும் டைஜஸ்டுக்கும் 'இஃப் நாட் பிரசென்ட்' (நோடில் இல்லாவிட்டால் மட்டும் இறக்கு). இதன் விளைவு வேடிக்கையானது. "1.4.2" டேக்கை யாரோ மாற்றிச் சுட்டினால், அந்த இமேஜை முன்பே இறக்கிவைத்த நோடுகள் பழையதை ஓட்டும், புதிதாகச் சேர்ந்த நோடு புதியதை ஓட்டும். ஒரே டிப்ளாய்மென்ட், இரண்டு விதமான பாட்கள். இப்படிப்பட்ட கோளாறைக் கண்டுபிடிக்க உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம் மறந்துபோகும்.

எல்லாவற்றுக்கும் டைஜஸ்ட் போட்டால் அதை யார் புதுப்பித்துக்கொண்டிருப்பது?

கையால் செய்தால் ஒரு மாதம்கூடத் தாங்காது. ரெனோவேட், டிபென்டாபாட் போன்ற கருவிகள் புதிய பதிப்பு வந்ததும் டைஜஸ்டை மாற்றி மெர்ஜ் கோரிக்கை எழுப்பும். ஆர்கோ சிடி அல்லது ஃப்ளக்ஸ் வைத்துக் கிட்டிலிருந்தே கிளஸ்டரை நடத்துகிறவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும்: எந்த இமேஜ் எப்போது, யார் ஒப்புதலோடு கிளஸ்டருக்குள் போனது என்பதற்கு கிட் வரலாறே சாட்சி.

படிப்பவர்களுக்காக டேக்கையும் சேர்த்தே எழுதலாம். பெயர், டேக், அதன்பின் டைஜஸ்ட் என்று மூன்றும் இருந்தால் இறக்குவது டைஜஸ்டை வைத்துத்தான். டேக் மனிதக் கண்ணுக்கு மட்டும்.

டைஜஸ்ட் போட்டதும் சில நோடுகளில் எக்ஸெக் ஃபார்மட் எரர் வருகிறது. ஏன்?

கிளஸ்டரில் ஏஎம்டி64, ஆர்ம்64 என்ற இரு ப்ராசசர் வகை நோடுகளும் கலந்திருக்கும். பல கட்டமைப்புகளுக்கான இமேஜில் மேலே ஓர் இன்டெக்ஸ் இருக்கும். அதன் கீழ் ஒவ்வொரு கட்டமைப்புக்கும் தனி மேனிஃபெஸ்ட். உங்கள் மடிக்கணினியில் இறக்கிய இமேஜிலிருந்து டைஜஸ்டை எடுத்தபோது, இன்டெக்ஸின் டைஜஸ்டுக்குப் பதிலாக ஒரு கட்டமைப்பின் டைஜஸ்ட் கையில் வந்துவிட்டது. ரெஜிஸ்ட்ரியிடம் நேரடியாகக் கேட்டு இன்டெக்ஸின் டைஜஸ்டை எடுங்கள். கிரேன், ஸ்கோபியோ போன்ற கருவிகள் இதற்கு உதவும்.

பேஸ் இமேஜ் எதைத் தேர்ந்தெடுப்பது?

கோ மொழியில் எழுதிய, முழுக்க ஸ்டாட்டிக்காகக் கட்டிய பைனரிக்கு ஸ்கிராட்ச் என்ற காலி இமேஜே போதும். சிஏ சான்றிதழ்களையும் நேர மண்டலத் தகவலையும் மட்டும் நீங்கள் சேர்க்க வேண்டியிருக்கும். அந்தச் சிரமமும் வேண்டாம் என்றால் கூகுளின் டிஸ்ட்ரோலெஸ் இமேஜ்கள். அவற்றில் ஷெல் கிடையாது, பேக்கேஜ் மேனேஜர் கிடையாது. உள்ளே நுழைந்த ஒருவன் அடுத்து என்ன செய்வது என்று கையைப் பிசைய வேண்டியிருக்கும்.

அல்பைன் சிறியது, சுமார் 5 எம்பி வாக்கில் தொடங்குகிறது. ஆனால் அது ஜிலிப்சிக்குப் பதில் மஸ்ல் என்ற சி நூலகத்தைப் பயன்படுத்துகிறது. பைத்தானில் முன்பே கட்டிவைத்த பேக்கேஜ்கள் (வீல்கள்) ஜிலிப்சிக்காக மட்டும் இருந்தால் எல்லாவற்றையும் மீண்டும் கம்பைல் செய்ய நேரிடும். பெரிய டிஎன்எஸ் பதில்களை டிசிபி வழியே மீண்டும் கேட்கும் வசதி மஸ்லில் 1.2.4 பதிப்பில்தான் வந்தது, அல்பைன் 3.18 அதைச் சேர்த்துக்கொண்டது. பழைய அல்பைனில் பெயர் தேடல் மர்மமாகத் தோற்றால் அங்கே பாருங்கள். சிறியது என்பதற்காக மட்டும் அல்பைனுக்கு ஓடுவதை நான் ஊக்குவிப்பதில்லை. டெபியன் ஸ்லிம் இமேஜ் கொஞ்சம் பருமனானாலும் ஆச்சரியங்கள் குறைவு.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மல்டி ஸ்டேஜ் பில்டைப் பயன்படுத்துங்கள். டாக்கர் 17.05 பதிப்பிலிருந்து இருக்கிற வசதி. கம்பைலரும் டெஸ்ட் கருவிகளும் முதல் கட்டத்திலேயே நின்றுவிடும், இறுதி இமேஜுக்குச் செயலி மட்டும் போகும்.

ஷெல் இல்லாத இமேஜில் கோளாறு வந்தால் எப்படிப் பார்ப்பது?

குப்சிடிஎல் டீபக். ஓடிக்கொண்டிருக்கும் பாடுக்குள் கருவிகளோடு ஒரு தற்காலிகக் கன்டெய்னரை நுழைக்கலாம். இந்த எஃபெமரல் கன்டெய்னர் வசதி குபெர்னெட்டிஸ் 1.25இல் நிலையானது. "டீபக் செய்ய வேண்டுமே" என்று ப்ரொடக்‌ஷன் இமேஜில் கர்ல், விம், நெட்கேட் எல்லாம் அடைத்துவைத்த காலம் முடிந்துவிட்டது.

ரகசியங்கள் இமேஜுக்குள் எப்படிக் கசிகின்றன?

மூன்று வழிகளை அடிக்கடி பார்க்கலாம். முதலாவது, ஒரு லேயரில் சாவிக் கோப்பைக் காப்பி செய்து அடுத்த லேயரில் அழிப்பது. இறுதியில் ஓடும் கன்டெய்னரில் கோப்பு தெரியாது. ஆனால் முதல் லேயர் ரெஜிஸ்ட்ரியில் அப்படியே இருக்கிறது. இமேஜை இறக்கிய யாரும் அந்த லேயரைப் பிரித்து எடுக்கலாம். இரண்டாவது, கடவுச்சொல்லை பில்ட் ஆர்க் வழியாக அனுப்புவது. அது இமேஜின் ஹிஸ்டரியில் பதிந்துவிடும். மூன்றாவது, கோப்புறை முழுவதையும் காப்பி செய்யும் ஒற்றை வரி. டாக்கர்இக்னோர் கோப்பு இல்லாவிட்டால் கிட் வரலாறு, சுற்றுச்சூழல் மாறிகள் எழுதிய கோப்பு எல்லாம் சேர்ந்தே பயணம் செய்யும்.

பில்டின்போது ரகசியம் தேவைப்பட்டால் பில்ட்கிட்டின் சீக்ரெட் மவுன்ட் இருக்கிறது. அந்த ஒரு ரன் வரி முடியும்வரை மட்டும் கோப்பு தெரியும், எந்த லேயரிலும் தங்காது. ஓடும்போது தேவைப்படுவதைக் கிளஸ்டரின் சீக்ரெட் வழியாகவோ வெளியில் உள்ள ரகசியப் பெட்டகம் வழியாகவோ கொடுங்கள். குபெர்னெட்டிஸ் சீக்ரெட்டில் இருப்பது வெறும் பேஸ்64 என்பதை நினைவில் வையுங்கள். கிளஸ்டரின் தரவுத்தளமான எட்சிடியில் மறையாக்கத்தைத் தனியாக இயக்க வேண்டும்.

ஏற்கெனவே கசிந்துவிட்டதா? இமேஜை அழிப்பது இரண்டாம் வேலை. முதலில் சாவியை மாற்றுங்கள்.

ரூட் அல்லாத பயனராக ஓட்டச் சொன்னால் பாடே எழமாட்டேன் என்கிறது.

பெரும்பாலும் காரணம் இதுதான்: டாக்கர்ஃபைலில் பயனரைப் பெயரால் குறிப்பிட்டிருப்பீர்கள். 'ரன் ஆஸ் நான்ரூட்' என்று பாடில் எழுதினால், அந்தப் பயனர் ரூட் அல்ல என்பதை, நோடில் பாட்களை எழுப்பும் குப்லெட் உறுதிசெய்ய வேண்டும். பெயரை வைத்து அதனால் சொல்ல முடியாது, எண் வேண்டும். இமேஜில் பயனரை எண்ணாகவே எழுதிவிடுங்கள். டிஸ்ட்ரோலெஸ்ஸின் நான்ரூட் வகையில் அது 65532.

அதோடு சேர்த்து, செயலியை 80க்குப் பதில் 8080 போன்ற போர்ட்டில் கேட்கவிடுங்கள். எழுதவேண்டிய கோப்புறைகளின் உரிமையை பில்டிலேயே அந்த எண்ணுக்குக் கொடுங்கள். ரூட் கோப்பு முறைமையை ரீட் ஒன்லி ஆக்கி, டெம்ப் கோப்புறைக்கு மட்டும் எம்ப்டி டிர் வால்யூம் கொடுத்தால் இன்னும் நல்லது.

நேம்ஸ்பேஸ் அளவில் இதைக் கட்டாயமாக்க பாட் செக்யூரிட்டி அட்மிஷன் உண்டு. பழைய பாட் செக்யூரிட்டி பாலிசி 1.25இல் நீக்கப்பட்டது, அதே பதிப்பில் இது நிலையானது. ப்ரிவிலேஜ்டு, பேஸ்லைன், ரெஸ்ட்ரிக்டட் என்று மூன்று நிலைகள். ரெஸ்ட்ரிக்டட் நிலை ரூட் பயனரைத் தடுக்கும், கேப்பபிலிட்டிகளை (ரூட்டின் தனித்தனி அதிகாரங்களை) உதறச் சொல்லும், செக்காம்ப் ப்ரொஃபைல் (கர்னலிடம் எதைக் கேட்கலாம் என்ற வரம்பு) கேட்கும். ரீட் ஒன்லி கோப்பு முறைமையை மட்டும் அது கேட்பதில்லை. ரெஸ்ட்ரிக்டட் வைத்துவிட்டோம், எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் தவறவிடும் இடம் அது. உடனே 'என்ஃபோர்ஸ்' போடாமல் சில காலம் 'வார்ன்' வைத்து எது உடையும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்கேனர் நூற்றுக்கணக்கான ஓட்டைகளைக் காட்டுகிறது. எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டுமா?

முடியாது, தேவையும் இல்லை. பட்டியலை இப்படிச் சலியுங்கள். திருத்தம் வெளிவந்தவை எவை? அவற்றில் பாதி, பேஸ் இமேஜைப் புதுப்பித்து மறுபடி கட்டினாலே போய்விடும். மீதியில் உண்மையில் தாக்குதலுக்குப் பயன்படுபவை எவை? அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 நவம்பரிலிருந்து அப்படிப்பட்ட ஓட்டைகளுக்கு ஒரு பட்டியல் நடத்துகிறது. உங்கள் சிவிஇ அதில் இருந்தால் மற்ற வேலையை ஒதுக்கிவைக்கலாம். அடுத்து, ஓட்டை உள்ள நூலகத்தை உங்கள் செயலி கூப்பிடுகிறதா, அந்தச் சேவை வெளி உலகுக்குத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சிவிஎஸ்எஸ் (ஓட்டையின் கடுமையைப் பத்துக்கு அளக்கும்) மதிப்பெண் ஒன்றை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால், எவரும் எட்டவே முடியாத 9.8 ஒன்றைத் துரத்திக்கொண்டு வாசலில் நிற்கும் 7.5ஐ விட்டுவிடுவீர்கள்.

இரண்டு ஸ்கேனர்கள் இரண்டு விதமான எண்ணைக் காட்டினால் குழம்ப வேண்டாம். டெபியன், ரெட்ஹாட் போன்றவை பதிப்பு எண்ணை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்பில் சேர்ப்பது வழக்கம். அந்த விநியோகத்தின் தரவைப் படிக்கிற ஸ்கேனர் இதை உணரும், வெறும் பதிப்பு எண்ணை ஒப்பிடுவது உணராது.

பட்டியல் காலியாக இருப்பதும் சந்தேகத்துக்குரியதே. ட்ரிவி, க்ரைப் போன்றவை முக்கியமாகப் பேக்கேஜ் தரவுத்தளங்களையும் லாக் கோப்புகளையும் படிக்கின்றன. கர்லால் இறக்கி நேரடியாக வைத்த ஒரு சி பைனரியைப் பற்றி அவற்றுக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது. கோ பைனரிகளில் மாட்யூல் விவரம் உள்ளேயே பதிந்திருப்பதால் அவை விதிவிலக்கு.

எஸ்பாம் எதற்கு? ஸ்கேன் அறிக்கை போதாதா?

ஸ்கேன் அறிக்கை இன்று தெரிந்த ஓட்டைகளின் பட்டியல். எஸ்பாம் உள்ளே இருக்கும் பொருள்களின் பட்டியல். நாளை புதிதாக ஓர் ஓட்டை வெளியானால் முதலாவது உதவாது, இரண்டாவதில் தேடலாம். எஸ்பிடிஎக்ஸ், சைக்லோன்டிஎக்ஸ் என்ற இரண்டு வடிவங்கள் புழக்கத்தில் உள்ளன. எது என்பதைவிட, பில்ட் நேரத்திலேயே எடுத்து இமேஜின் டைஜஸ்டோடு இணைத்து ரெஜிஸ்ட்ரியில் வைப்பதுதான் முக்கியம். எஸ்பாம்களை ஒரு பகிர்வுக் கோப்புறையில் போட்டுவைத்தால் மூன்று மாதத்தில் எது எந்த இமேஜுடையது என்று யாருக்கும் தெரியாது.

இமேஜில் கையொப்பம் இடுவது என்ன நிரூபிக்கிறது?

இந்த டைஜஸ்டை இன்னார் தம்முடையது என்று சொன்னார் என்பதை நிரூபிக்கிறது. அவ்வளவே. உள்ளே இருப்பது நல்லது என்று அது சொல்லவில்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு கண்டுபிடிக்கப்பட்டது (சிவிஇ-2024-3094). அதை வைத்தது அந்தத் திட்டத்தின் முறையான பராமரிப்பாளர் கணக்கே. வெளியீடு முறையாகத்தான் நடந்தது. அதை உள்ளடக்கி நீங்கள் கட்டும் இமேஜில் உங்கள் கையொப்பமும் செல்லுபடியாகத்தான் இருந்திருக்கும்.

ஆனாலும் கையொப்பம் வேண்டும். ரெஜிஸ்ட்ரிக்குள் எவரோ நுழைந்து இமேஜை மாற்றிவைப்பதையும், ஒருவர் தம் மடிக்கணினியில் கட்டியதை நேராக ப்ரொடக்‌ஷனுக்குத் தள்ளுவதையும் அது தடுக்கிறது.

இப்போது பரவலாக உள்ளது சிக்ஸ்டோர் திட்டத்தின் கையொப்பக் கருவியான காஸைன். சாவியை வைத்துக் காப்பாற்றும் தொல்லை இல்லாத முறை ஒன்று அதில் உண்டு. பில்ட் அமைப்பு தன் ஓஐடிசி அடையாளத்தை (தான் யார் என்பதற்கு அதன் சேவை தரும் டிஜிட்டல் அத்தாட்சியை) காட்டும். ஃபுல்சியோ என்ற சான்றிதழ் சேவை பத்து நிமிடமே செல்லும் ஒரு சான்றிதழ் கொடுக்கும். கையொப்பம் ரெகார் என்ற பொதுப் பதிவேட்டில் பதியும். பிறகு சரிபார்க்கும்போது "இந்தக் களஞ்சியத்தின், இந்தப் பைப்லைனில், இந்தக் கிளையிலிருந்து கட்டப்பட்டதா" என்று கேட்கலாம். அடையாளத்தைக் கறாராகக் குறிப்பிடுங்கள். "யாராவது கையொப்பம் இட்டிருந்தால் சரி" என்று விதி எழுதினால் உலகில் உள்ள எவரும் அதைத் தாண்டிவிடலாம். குபெர்னெட்டிஸ் திட்டமே 1.24 பதிப்பிலிருந்து தன் இமேஜ்களை இப்படித்தான் கையொப்பமிட்டு வெளியிடுகிறது.

ஒரு எச்சரிக்கை: பொதுப் பதிவேட்டில் பதிவது எல்லோருக்கும் தெரியும். களஞ்சியத்தின் பெயரே ரகசியம் என்றால் சொந்தச் சாவியோடு கையொப்பமிடுங்கள்.

கையொப்பத்தைக் கிளஸ்டரில் யார் சரிபார்ப்பது?

தானாக எதுவும் நடக்காது. சரிபார்க்கும் ஏற்பாட்டை நீங்கள் செய்யாதவரை, கையொப்பம் ரெஜிஸ்ட்ரியில் அழகாக உட்கார்ந்திருக்கும். கிளஸ்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பல நிறுவனங்களில் நிலைமை இதுதான்.

கிளஸ்டருக்கான கோரிக்கைகளை வாங்கும் ஏபிஐ சர்வரில், பாட் உருவாகும் முன் அதை அனுமதிக்கலாமா என்று பார்க்கும் அட்மிஷன் கட்டம் வருகிறது. அங்கே கைவெர்னோ, சிக்ஸ்டோரின் பாலிசி கன்ட்ரோலர் போன்ற ஒன்றை வெப்ஹுக்காக (ஏபிஐ சர்வர் அழைத்துக் கேட்கும் தனிச் சேவையாக) வைத்தால் அது ரெஜிஸ்ட்ரியிடம் கையொப்பத்தைக் கேட்டுச் சரிபார்க்கும். கைவெர்னோ இயல்பாகவே டேக்கை டைஜஸ்டாக மாற்றியும் எழுதும். அது வெறும் வசதிக்காக அல்ல: சரிபார்த்த நொடிக்கும் நோட் இமேஜை இறக்கும் நொடிக்கும் இடையில் டேக் மாறினால் சரிபார்ப்பே பொய்யாகிவிடும்.

1.30இல் நிலையான வேலிடேட்டிங் அட்மிஷன் பாலிசி ஏபிஐ சர்வருக்குள்ளேயே ஓடுவது. தனி வெப்ஹுக் வேண்டாம். இமேஜ் பெயர் எங்கள் ரெஜிஸ்ட்ரியில் தொடங்குகிறதா, டைஜஸ்ட் இருக்கிறதா என்பதை அதைக் கொண்டே சோதிக்கலாம். வெளியே போய் ரெஜிஸ்ட்ரியைக் கேட்க அதனால் முடியாது என்பதால் கையொப்பத்துக்கு ஆகாது.

விதி எழுதும்போது வழக்கமான கன்டெய்னர்களோடு இனிட் கன்டெய்னர்களையும், மேலே சொன்ன எஃபெமரல் கன்டெய்னர்களையும் சேர்க்க மறக்காதீர்கள். டீபக் வழியாக எந்த இமேஜையும் நுழைக்கலாம் என்றால் முன்வாசலில் காவல் போட்டு என்ன பயன்? கிளஸ்டரை நடத்தும் கன்ட்ரோல் பிளேனின் ஸ்டாட்டிக் பாட்களைக் குப்லெட் நோடில் உள்ள கோப்பிலிருந்து நேரடியாக எழுப்புகிறது. அவை இந்த வாசல் வழியாக வருவதில்லை. அந்தக் கோப்புறையை நோட் அளவில் காக்க வேண்டும்.

சரிபார்க்கும் வெப்ஹுக்கே விழுந்துவிட்டால்?

ஃபெயில்யர் பாலிசியில் நீங்கள் எழுதியதைப் பொறுத்தது. 'இக்னோர்' என்றால் வெப்ஹுக் விழுந்த நேரத்தில் எல்லா இமேஜும் உள்ளே போகும். தாக்குபவனுக்கு அதை விழவைத்தால் போதும். 'ஃபெயில்' என்றால் எதுவும் உள்ளே போகாது. நோட் செத்து பாட்கள் இடம் மாற வேண்டிய நேரத்தில் அவையும் எழாது. அந்த வெப்ஹுக்கின் பாடே மீண்டும் எழ அதே வெப்ஹுக்கின் அனுமதி தேவைப்பட்டால் முடிச்சு இறுகிவிடும்.

நான் 'ஃபெயில்' பக்கம்தான், சில ஏற்பாடுகளோடு. வெப்ஹுக்குக்குக் குறைந்தது மூன்று ரெப்ளிகா, வெவ்வேறு நோடுகளில். குப்-சிஸ்டமும் வெப்ஹுக்கின் சொந்த நேம்ஸ்பேஸும் விலக்கு. அந்த இரண்டிலும் எழுதும் உரிமை மிகச் சிலருக்கு மட்டும். நள்ளிரவு அவசரத்துக்கு ஒரு விலக்கு வழியும் வேண்டும்: குறிப்பிட்ட ஒரு குழு மட்டும் இடக்கூடிய, சில மணி நேரத்தில் காலாவதியாகும், போட்ட உடனே எல்லோருக்கும் அறிவிப்பு போகும் ஒரு விலக்கு. அப்படி ஒன்றை முன்கூட்டியே செய்துவைக்காவிட்டால், அவசரத்தில் யாரோ வெப்ஹுக்கையே அழிப்பார்கள். பிறகு திரும்ப நிறுவ யாருக்கும் நினைவிருக்காது.

வெளியாரின் இமேஜ்களை நேரடியாக இறக்கலாமா?

சொந்த ரெஜிஸ்ட்ரிக்குப் பிரதி எடுத்து அங்கிருந்து இறக்குங்கள். பாதுகாப்பு ஒரு காரணம், கிடைப்பது இன்னொரு காரணம். டாக்கர் ஹப் 2020 நவம்பரில் இறக்கும் எண்ணிக்கைக்கு வரம்பு கொண்டுவந்தது. குபெர்னெட்டிஸின் பழைய இமேஜ் முகவரி 2023 ஏப்ரலில் உறையவைக்கப்பட்டது. 2025இல் பிட்னாமி தன் பொது இமேஜ்களில் பெரும்பகுதியைப் புதுப்பிக்கப்படாத லெகசி களஞ்சியத்துக்கு நகர்த்தியது. ஒவ்வொரு முறையும் நேரடியாக இறக்கியவர்களே ஓட வேண்டியிருந்தது.

ஹார்பர் போன்ற ரெஜிஸ்ட்ரியை நீங்களே நடத்தினால் பிரதி எடுப்பது, ஸ்கேன் செய்வது, டேக்கை மாற்ற முடியாமல் பூட்டுவது எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும். பிரதி எடுக்கும்போது இமேஜை மட்டும் எடுத்தால் கையொப்பமும் எஸ்பாமும் பழைய இடத்திலேயே தங்கிவிடும்; சரிபார்ப்பு தோற்கும். காஸைனின் காப்பி கட்டளை கையொப்பத்தையும் கூடவே கொண்டுவரும்.

ரெஜிஸ்ட்ரியில் பழைய இமேஜ்களை எப்போது அழிப்பது?

டிப்ளாய்மென்ட் இயல்பாகப் பத்துப் பழைய ரெவிஷன்களை வைத்திருக்கும். அவற்றில் எதற்கும் திரும்பிப் போக முடியும் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்கலாம். ஆனால் ரெஜிஸ்ட்ரியின் சுத்தம் செய்யும் விதி, டேக் இல்லாத இமேஜ்களை முப்பது நாளில் அழிக்கும்படி இருந்தால்? டேக் அடுத்த இமேஜுக்கு நகர்ந்ததும் பழைய டைஜஸ்ட் டேக் இல்லாததாகிவிடும். அவசரமாகப் பின்வாங்கும் நேரத்தில் இமேஜ் புல் பேக்ஆஃப் என்று வந்து நிற்கும். ஒவ்வொரு பில்டுக்கும் மாறாத தனி டேக் கொடுங்கள். கிளஸ்டரில் ஏதாவது ரெவிஷன் சுட்டும் டைஜஸ்டை அழிக்காதபடி விதியை எழுதுங்கள்.

தனியார் இமேஜ் ஒரு நோடில் இறங்கிவிட்டால், அனுமதி இல்லாத பாடும் அதைப் பயன்படுத்த முடியுமா?

பல கிளஸ்டர்களில் முடியும். 'இஃப் நாட் பிரசென்ட்' என்றால் நோடில் இருப்பதையே எடுத்துக்கொள்ளும். புல் சீக்ரெட்டை யாரும் கேட்பதில்லை. பல குழுக்கள் பகிரும் கிளஸ்டரில் ஆல்வேஸ் புல் இமேஜஸ் என்ற அட்மிஷன் ப்ளகினை இயக்கினால், ஒவ்வொரு முறையும் ரெஜிஸ்ட்ரியிடம் அனுமதி சரிபார்க்கப்படும். லேயர்கள் ஏற்கெனவே இருந்தால் மறுபடி இறங்காது, நேரம் அதிகம் போகாது. ஆனால் ரெஜிஸ்ட்ரி விழுந்தால் புதிய பாட்களும் எழாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

செயலியின் கோடே மாறவில்லை. இமேஜை மறுபடி கட்ட வேண்டுமா?

ஆம், கால இடைவெளி வைத்து. ஆறு மாதம் யாரும் தொடாத சேவைதான் பெரும்பாலும் அதிக ஓட்டைகளோடு நிற்கும். வாரம் ஒருமுறை புதிய பேஸ் இமேஜோடு மறுபடி கட்டி, டெஸ்ட் ஓட்டி, டைஜஸ்ட் மாற்றத்தை மெர்ஜ் கோரிக்கையாக அனுப்பும் பைப்லைன் போதும். பில்டில் கேஷைத் தவிர்க்க மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் பேக்கேஜ் புதுப்பிக்கும் லேயர் பழையதாகவே வரும், எல்லாம் புதிது என்ற எண்ணம் மட்டும் மிஞ்சும்.

ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னருக்குள் நுழைந்து பேக்கேஜைப் புதுப்பிப்பதை அறவே விடுங்கள். பாட் மறுபடி எழும்போது அந்தத் திருத்தம் காணாமல் போகும்.

இமேஜ் பக்கம் எல்லாம் சரி. கிளஸ்டர் பாதுகாப்பாகிவிட்டதா?

இல்லை. 2024 ஜனவரியில் ரன்சி என்ற அடித்தளக் கருவியில் ஓர் ஓட்டை வெளியானது (சிவிஇ-2024-21626). கன்டெய்னரிலிருந்து ஹோஸ்டின் கோப்பு முறைமைக்குத் தப்பிக்க அது வழிவிட்டது, ரன்சி 1.1.12இல் சரிசெய்யப்பட்டது. தீங்கான ஓர் இமேஜை ஓட்டவைத்தாலே அதைப் பயன்படுத்த முடிந்தது என்பதால் வாசல் காவல் உதவியிருக்கும். ஆனால் நோடுகளைப் புதுப்பிப்பதற்கு அது மாற்று ஆகாது. ஆர்பிஏசி (யார் எதைச் செய்யலாம் என்ற உரிமை விதிகள்), நெட்வொர்க் பாலிசி, நோட் புதுப்பிப்பு எல்லாம் தனித்தனி வேலைகள். அவை இந்தப் பக்கத்துக்குள் அடங்காது.

நாங்கள் நான்கைந்து பேர்தான். இதில் குறைந்தபட்சம் எது?

மல்டி ஸ்டேஜ் பில்ட், எண்ணால் குறித்த ரூட் அல்லாத பயனர், பைப்லைனே டைஜஸ்டை எழுதும் யாம்ல். இவற்றை இந்த வாரமே செய்யலாம். அடுத்து, உங்கள் ரெஜிஸ்ட்ரி அல்லாத இமேஜைத் தடுக்கும் ஒரு வேலிடேட்டிங் அட்மிஷன் பாலிசி. நேம்ஸ்பேஸ்களுக்கு பேஸ்லைன் நிலை. வாராந்திர மறு பில்ட் அதற்குப் பிறகு. கையொப்பமும் அதைச் சரிபார்க்கும் வெப்ஹுக்கும் நல்லவையே. ஆனால் அந்த வெப்ஹுக்கை இரவில் எழுப்பிவிட ஓர் ஆள் இல்லாத குழு அதை நிறுவ அவசரப்பட வேண்டாம். மேகச் சேவையின் கிளஸ்டரைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அவர்களே தரும் கையொப்பச் சரிபார்ப்பு வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.